எண்ணெயை நிறுத்தியவன்

தினா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி அன்றைக்கே வந்துவிட்டது. இங்கே நானும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். அதனால் நலம் விசாரிக்கும் சடங்கை இரண்டு பேரும் தாண்டிவிடலாம். போன் இருக்கும்போது இந்த மனிதன் எதற்கு மெனக்கெட்டு நோட்டுக் காகிதத்தில் எழுதி, அதை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் பண்ணி ஜெர்மனிக்கு அனுப்புகிறான் என்று நீ யோசிப்பாய். போனில் எனக்குத் தப்பிக்கத் தெரியும். சிக்னல் இல்லை என்பேன், குக்கர் விசில் அடிக்கிறது என்பேன், வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. நாலு நாளாக எழுதிக் கிழித்து, இன்று மத்தியானம்தான் உருப்படியாக உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்து சொல்லாமலே முடித்துவிடுவேன். உன் அம்மாவுக்குக் கொடுத்த மருந்து அவளைக் கைவிட்டுவிட்டது என்று நீ போகிற இடமெல்லாம் சொல்கிறாய். அது சரியில்லை. அந்த மருந்தை வேலை செய்ய விடாதவன் நான். எப்படி என்று கீழே எழுதுகிறேன். படித்த பிறகு நீ என்னோடு பேசுவாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான். அந்தப் பயத்தில்தான் இரண்டு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். காட்ட வேண்டும் என்பதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள், நீ படித்த பள்ளிக்கூடத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ புழு என்று சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். வகுப்பில் வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடுக்கிற பூச்சி மாத்திரையை எத்தனை பேர் வாயில் அடக்கிவைத்து ஜன்னல் வழியாகத் துப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டாய், பாதிக் கூட்டம் கை தூக்கியது, டீச்சர்கள் முறைத்தார்கள். அப்புறம் அம்மா கதையைச் சொன்னாய். நாய் வயிற்றில் இருக்கும் ஒரு புழுவின் முட்டை அவள் உடம்புக்குள் போய், கல்லீரலில் நீர்க்கட்டியாக வளர்ந்ததைச் சொன்னாய். அந்த மாத்திரை சரியாகக் கரையாது, ஒரு வருஷம் சாப்பிட்டும் கட்டி சுருங்கவில்லை என்று சொன்னாய். "எங்க நைனா ஒரு வேளை தவற விட்டதில்ல. மருந்தால முடியல. அதனாலதான் நான் இந்த மருந்து ஆராய்ச்சிக்குப் போனேன்" என்று என்னைக் கை காட்டினாய். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள். தலைமையாசிரியர் இறங்கி வந்து எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்டேன் பார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கல்மண்டபம் பக்கம் நம் மாடி வீட்டுப் பூட்டைத் திறந்தேன். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். நீ ஒரு வாரம் இருந்ததில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

உன் அம்மா கஸ்தூரிக்கு அந்த நோய் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் அவள் எப்படி இருந்தாள் என்பது உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். கறிக்கடையில் ஆட்டுக்குடல் சுத்தம் பண்ணுவாள். சுடுதண்ணீரும் சுண்ணாம்பும் போட்டு அவள் சுத்தம் பண்ணிய குடலை வாங்க வியாசர்பாடியிலிருந்துகூட ஆள் வருவார்கள். கடைக்காரர் கழித்துப் போடுகிற ஈரல் துண்டுகளை, அதில் தண்ணீர்க் கொப்புளம் இருக்கிறது என்று மனிதர் வாங்காத ஈரலை, வாசலில் இருந்த ராணிக்குப் போடுவாள். ராணி அந்தத் தெரு நாய். ஆனால் நம் வீட்டு நாய் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவள் காலடியிலேயே படுத்திருக்கும், அவள் கையை நக்கும், அந்தக் கையாலேயே இவள் வெற்றிலை மடிப்பாள். தப்பு சொல்ல என்ன இருக்கிறது, அந்த ஈரலிலிருந்து நாய்க்கும் நாயிடமிருந்து மனிதருக்கும் புழு வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும். வயிற்றின் வலது பக்கம் பாரமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தபோது நான் வாயுக்கோளாறு என்று இஞ்சிச்சாறு கொடுத்தேன். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன், நீர்க்கட்டி என்று ஒவ்வொன்றாக வந்தது.

கட்டி இருக்கும் இடம் சிக்கலானது, உடனே கத்தி வைக்க முடியாது, முதலில் மாத்திரையால் புழுவைச் சாகடித்துக் கட்டியைச் சுருக்குவோம், அப்புறம் ஆபரேஷன் என்றார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இருபத்தெட்டு நாள் போட்டு, பதினாலு நாள் நிறுத்தி, மறுபடி இருபத்தெட்டு. நான் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்துக் கொடுத்தேன். நீ மேடையில் சொன்னது அந்த மட்டுக்கும் உண்மைதான். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. "நானோ நானோன்றியே, இன்னாடா அது, எனக்குப் புரியற மாரி சொல்லேன்" என்று உன்னைக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"உனுக்குச் சொல்றதுதான் நைனா ஈசி. நீ காசிமேட்டு ஐஸ் கம்பெனில முப்பது வருசம் பண்ணது அதான். ஒரு ஐஸ் பார அப்டியே மீன் மேல வெச்சா இன்னாவும்?"

"நசுங்கிடும். அடில கீற மீனு கெட்டுப் பூடும்."

"அதே பார மெஷின்ல வுட்டு ஒடச்சிப் போட்டா?"

"சுத்தி குந்திகினு ஜில்லுனு புடிச்சிக்கும்."

"ரெண்டும் ஒரே ஐஸ்தான?"

"ஒரே ஐஸ்தான்டா."

"அவ்ளோதான். அம்மாக்குக் குடுத்த மாத்திரை தண்ணில கரையாது. குடல்ல கீற புழுன்னா பரவால்ல, மாத்திரை அங்கயே இருந்து அடிச்சிடும். அம்மாக்கு கட்டி கல்லீரல்ல. கரைஞ்சி ரத்தத்துல ஏறினாதான் அங்க போவும். அதான் நெய்யு எண்ணெயோட துன்னச் சொல்றது, கொழுப்புல கரைஞ்சி கொஞ்சம் ஏறும். நாங்க அந்த மருந்த கண்ணுக்குத் தெரியாத பொடி ஆக்கி, கொழுப்புத் துளிக்குள்ள வெச்சிடறோம். ஒரு தலைமுடிய குறுக்கால ஆயிரமா அறுத்தா வர்ற துண்டு, அவ்ளோ சிறுசு. வயித்துல எண்ணெய் கீதோ இல்லியோ, மருந்து தன் எண்ணெயத் தானே இட்டுகினு போவும்."

இன்னும் எலியிலும் ஆட்டிலும்தான் சோதிக்கிறோம், மனிதர் கைக்கு வர நாளாகும் என்றும் சொன்னாய். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நெய், எண்ணெய் என்று நீ சொன்ன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். "லைன்ல கீறியா நைனா?" என்றாய். பதில் வருமுன்பே நீயாகவே, "சரி வுடு, சாப்ட்டியா?" என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நம் வீட்டில் அந்த வருஷம் முழுக்க எண்ணெய் கிடையாது, தினா. உனக்கு என் தம்பியைத் தெரியாது, நீ பிறப்பதற்கு முன்னாலேயே லாரி வேலைக்கு ஆந்திரா பக்கம் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அவனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரல் போய்விட்டது, பிழைக்க மாட்டான் என்றார்கள். ஒரு மண்டலம் ஒரு சொட்டு எண்ணெய் காட்டாமல் கஞ்சியும் மோருமாகப் பத்தியம் வைத்துப் பிழைக்கவைத்தோம். கல்லீரல் என்ற வார்த்தையைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு முதலில் எண்ணெயை நிறுத்தத்தான் தோன்றும். பூச்சி மருந்து என்றாலோ வெறும் வயிறு. இரண்டும் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டுமா? எண்ணெய்த் தூக்கைத் துடைத்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினேன். ரசத்துக்குத் தாளிப்பு இல்லை. மீனைத் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தேன். அப்பளத்தைச் சுட்டேன். தேங்காய்கூட வேண்டாம் என்று வைத்தேன். அவளைச் சமைக்க விடவில்லை, ஷிப்டு முடிந்து வந்து நானே சமைத்தேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் வெந்நீரோடு மாத்திரை. அக்கம்பக்கத்தில் எல்லாரும், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கஸ்தூரி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கர்வம்கூட இருந்தது. வாயில் வைக்க முடியாத அந்தச் சாப்பாட்டை அவள் எதிரில் நானும் சாப்பிட்டேன், உனக்கும் அதையே போட்டேன்.

இந்த இடத்தில், யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். நாலு நாளாகக் கிழித்த காகிதம் எல்லாம் அந்த வரியில்தான் கிழிந்தது. பொய் அது. சொன்னார்கள். முதல் நாளே சொன்னார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது டாக்டரம்மா, உட்காரவைத்து, நிதானமாகத் தமிழில்தான் சொன்னார்: "இந்த மாத்திரையை வெறும் வயித்துல குடுக்காதீங்க. எண்ணெய், நெய் சேத்த சாப்பாடு சாப்பிட்டதும் குடுங்க. மறந்துடாதீங்க." நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் உன் அம்மாவிடம், "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும், கல்லீரலுக்குப் போய் எண்ணெயக் குடுக்க சொல்லுது" என்றேன். உன் அம்மா, "டாக்டரு சொல்லுதேய்யா" என்றாள். "நீ சும்மா கெட" என்றேன்.

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தடவை மாத்திரை வாங்கப் போனபோதும் அந்த டாக்டரம்மா கேட்டார், "எண்ணெய் சேத்துத்தானே குடுக்கறீங்க?" என்று. ஒவ்வொரு தடவையும் நான், "ஆமாம்மா" என்றேன். திட்டுவாரோ என்ற பயம். கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார், உன் அம்மாவுக்கு எதிரிலேயே என்னை நாலு கேட்டிருப்பார், அவளும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள், ஒருவேளை வீட்டில் எண்ணெய் வந்திருக்கும். நான் ஆமாம் என்றதால் அவர் என்ன எழுதியிருப்பார்? எல்லாம் சரியாகக் கொடுத்தும் மருந்துக்குக் கேட்கவில்லை என்று எழுதியிருப்பார். நீ இன்று மேடையில் சொல்வதும் அதையேதான். அந்தக் கதையை முதலில் எழுதியவன் நான்.

கடைசி நாள் உனக்குத் தெரியும். காலையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பியது, மூச்சு முட்டியது. கட்டி உள்ளேயே உடைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆட்டோவில் மூலக்கொத்தளம் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அப்போது உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஐஸ் கம்பெனி ஆள் ஒருத்தரை அனுப்பியிருந்தேன். நீ வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

எண்ணெய் ஊற்றிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. யாராலும் சொல்ல முடியாது என்பாய். எண்ணெயோடு கொடுத்தும் சிலருக்குக் கேட்பதில்லை என்பாய், அதற்காகத்தானே இந்த நானோ எல்லாம் என்பாய். என் மனம் நோகக் கூடாது என்று சொல்வாய், ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கும். எனக்கு அது போதவில்லை. அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது, அது பெரியதோ சின்னதோ, அதை என் கையால் மூடினேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வேளையும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கும்போது கை நின்றுவிடுகிறது. பேச ஆள் இல்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். சில நாள் பகலில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், படியில் ஏறி இறங்குகிறவர்கள் யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள் என்று. கூரியர்க்காரப் பையன் கேட்பான், மூன்றாவது வீடு எது என்று. அவ்வளவுதான்.

முந்தாநாள் எனக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா, கூடவே பதினாறு, பதினேழு வயது மகள். மகளுக்குத்தான் மூளையில் புழுக் கட்டியாம், வலிப்பு வருகிறதாம். கவுன்டரில் கொடுத்த அட்டையைப் பார்த்தேன். அதே மாத்திரை. பெயரை நான் எப்படி மறப்பேன்? அந்தம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "பூச்சி மருந்தாச்சேன்னு வெறும் கஞ்சிதான் ஊத்திகினு கீறன்க்கா. எண்ணெ வாடையே காட்டல." வரிசையை விட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"இந்த மாத்திரைய எப்டி குடுக்கணும்னு டாக்டர் இன்னா சொன்னாங்க, ஞாபகம் கீதாம்மா?"

"இன்னாவோ சொன்னாங்க. நெய்யி கிய்யினு. உடம்பு சரியில்லாத புள்ளைக்கு நெய்யி குடுப்பாங்களா? நீ இன்னா தாத்தா, டாக்டரா?"

"இல்லம்மா. என் பொண்டாட்டிக்கு இதே மாத்திரை. டாக்டர் சொல்லியும் கேக்காம எண்ணெய நிறுத்துனவன் நான். அவ இப்ப இல்ல."

அந்தம்மா என் முகத்தையே பார்த்தாள். நானும் முதல் தடவையாக என் காதால் அதைக் கேட்டேன். மருத்துவம் சொல்ல நான் யார், அதனால் அவர்கள் இரண்டு பேரையும் திரும்ப டாக்டர் அறைக்கே கூட்டிக்கொண்டு போனேன். "இது வரைக்கும் கஞ்சிதான் குடுத்தேன்னு உள்ளத உள்ளபடி சொல்லு, ஆமாம்னு மட்டும் தலையாட்டிடாத" என்று வாசலில் நின்று சொன்னேன். உள்ளே டாக்டர் சத்தம் போட்டது வெளியே கேட்டது. நல்லா திட்டட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்த மகள், "தாத்தா, எனக்கு முட்ட ஆம்லேட் துன்னலாமாம்" என்று சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் பார்த்துவிட்டுச் சில்லறை கேட்காமல் போனான்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்றே வைத்துக்கொள். நீங்கள் செய்கிற மருந்து தன் எண்ணெயைத் தானே கொண்டுபோகட்டும், நல்லது, என்னை மாதிரி ஆட்களிடமிருந்து நோயாளி தப்பிப்பான். ஆனால் அது வந்த பிறகும் எவனாவது வேறு ஒரு பத்தியம் வைத்திருப்பான். உங்கள் ஆட்கள் யாரிடமாவது மருந்தைக் கொடுக்கும்போது, சொன்னபடி கொடுத்தீர்களா என்று கேட்காதீர்கள். அதற்கு எவனும் ஆமாம் என்றுதான் சொல்வான். நேற்று வீட்டில் என்ன சமையல் என்று கேளுங்கள். அதற்குப் பொய் சொல்ல எனக்குக்கூடத் தோன்றியிருக்காது. மீனை வேகவைத்தேன் டாக்டர், எண்ணெயே சேர்க்கவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன். எழுத வேண்டியதில் மோசமானது இன்னும் பாக்கி. உனக்கு அப்போது பதினொரு வயது. ஒரு நாள் சாயங்காலம் உன் பள்ளிக்கூடப் பையிலிருந்து மீன் வாடை வந்தது. திறந்து பார்த்தால் ஜாமெட்ரி பாக்ஸுக்குள், காம்பஸையும் ஸ்கேலையும் எடுத்துவிட்டு, பேப்பரில் மடித்து நெத்திலி வறுவல் வைத்திருந்தாய். பேப்பர் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. அம்மா கேட்டாளாம், வாய் செத்துப்போய்விட்டது, ஒரு வறுத்த மீன் கிடைத்தால் தேவலை என்று. நீ மீன் வறுத்து விற்கிற வண்டிக்காரம்மாவிடம் வாங்கிக்கொண்டு வந்து ஊட்டியிருக்கிறாய், அதுவும் முதல் தடவை இல்லை. நான் உன்னை அறைந்தேன். உதடு கிழிந்தது. உன் அம்மா கட்டிலிலிருந்து இறங்கி வந்து குறுக்கே நின்றாள். "புள்ளைய அடிக்காதய்யா, நான்தான் கேட்டன். ஒரு மீனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" நான் அவளைத் தள்ளிவிட்டு உன்னிடம் சொன்னேன், "இனிமே இத்த குடுத்தின்னா, உங்கம்மா செத்தா அது உன் தலைலதான்."

இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ மீனைத் தொடவில்லை. காசிமேட்டில் வேலை பார்க்கிறவன் வீட்டில் பிள்ளை மீன் சாப்பிடவில்லை என்றால் ஊர் சிரிக்கும், நானும் உன்னை எல்லார் முன்னாலும் ஐயர் வீட்டுப் பிள்ளை என்று கிண்டல் பண்ணினேன். ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அம்மா சாவுக்கு நீ காரணம் இல்லை என்று ஒரு வார்த்தை, அந்தப் பதினொரு வயசுப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. நீ காலேஜ் போனபோதும் சொல்லவில்லை. என் மனதில் அப்போது, ஒருவேளை அந்த மீனால்தான் ஆயிற்றோ என்றுகூட ஒரு மூலையில் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இதை எழுதி நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். தினா, இப்போதுதான் எனக்கு ஒன்று உறைக்கிறது. நான் இத்தனை நேரமும் உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன் என்று நினைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ அந்தப் பானையிலிருந்தே சாப்பிட்டவன். அறை வாங்கியவன். இந்த மருந்துக்கு எண்ணெய் வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாயோ, அன்றைக்கே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு எண்ணெய் சேர்த்துக் கொடுத்தோமா என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் முதலில் கேட்பான். நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் மருந்து கரையாது என்று சொன்னாய், கொழுப்போடு சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் தாண்டிப் போனாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதால்தானே? உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சி இருக்க, மருந்துக்குள் எண்ணெயை ஒளித்துவைத்து அனுப்புகிற வேலையை நீ ஏன் எடுத்தாய் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை பார். நீயும் அங்கே தனியாக உட்கார்ந்து இதையேதான் சுமந்துகொண்டிருந்தாயா?

என்னைக் காப்பாற்றியது போதும். நீ அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டால், அந்த மண்டபத்தில் எவர் வீட்டிலாவது இதே மாத்திரை இருந்தால், அவர்கள் கஞ்சியோடுதான் கொடுப்பார்கள். அடுத்த மேடையில் முழுசாகச் சொல். என் நைனா எண்ணெயை நிறுத்தினார் என்று சொல். என்னை வைத்துக்கொண்டே சொல். இன்னொன்றையும் சொல்: அந்த வருஷத்தில் அந்த மருந்து உன் அம்மா உடம்பில் கொஞ்சமாவது ஏறியிருந்தால், அது நீ நெத்திலி ஊட்டிய நாட்களில்தான் ஏறியிருக்கும். நம் வீட்டில் அவளுக்குச் சரியாக வைத்தியம் பார்த்தது நீ ஒருத்தன்தான். அதற்கு உன்னை அடித்தேன். அடித்தது தப்பு, சொன்னது அதைவிடத் தப்பு. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிற யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணாவிட்டால் புரிந்துகொள்வேன். பண்ணினால், சாப்ட்டியா நைனா என்று ஆரம்பிக்காதே. நீ இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைக் கேள். அம்மாவுக்கு எண்ணெய் ஊத்திக் குடுத்தியா நைனா என்று உன் வாயால் ஒரு தடவை கேள். இல்லடா, ஊத்தல என்று நான் உனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா